ரம் இல்லாத பழக்கேக்: ஆரஞ்சுச் சாறும் தோலும் போதுமா?

வாசகர் கேள்வி: நவம்பர் 10, 2024, காலை 9.12

எங்கள் வீட்டில் மதுவைச் சமையலறைக்குள் விடுவதில்லை. ஆகவே கிறிஸ்துமஸ் கேக்குக்கான உலர்பழங்களை ரம்முக்குப் பதிலாக ஆரஞ்சுச் சாற்றில் ஒரு வாரம் ஊறவைத்து ஒத்திகை பார்த்தேன். ஜாடியைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. துணிந்து மாவில் சேர்த்தேன். கேக்கின் நடுப்பகுதி களிபோல அமுங்கிவிட்டது. பழங்கள் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துகொண்டன. ரம் இல்லாமல் நல்ல பழக்கேக் வரவே வராது என்கிறார் என் நாத்தனார். உண்மைதானா?

நவம்பர் 10, பகல் 1.40

பாதி உண்மை. ரம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: பழத்தை ஊறவைக்கிறது, கெடாமலும் காக்கிறது. நம் ஊரில் விற்கும் ரம்மில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருப்பதால், அதில் மூழ்கிக் கிடக்கும் திராட்சை மாதக்கணக்கில் கெடாது. ஆரஞ்சுச் சாறு முதல் வேலையை நன்றாகவே செய்யும். இரண்டாவது வேலை அதனால் ஆகாது. சர்க்கரையும் நீரும் கலந்த ஒன்றை அறை வெப்பத்தில் ஒரு வாரம் மூடி வைத்தால் ஈஸ்ட் சும்மா இருக்காது. நீங்கள் மதுவை வாசலிலேயே தடுத்து நிறுத்தினீர்கள். அது ஜாடிக்குள்ளேயே பிறக்கப் பார்த்திருக்கிறது.

சாற்றில் ஊறவைப்பதாக இருந்தால் நாள்கணக்கு வேண்டாம், அடுப்பு வேண்டும். 400 கிராம் உலர்பழத்துக்கு 150 மில்லி ஆரஞ்சுச் சாறு என்ற கணக்கில் ஒரு கனமான பாத்திரத்தில் இட்டு, மிகச் சிறு தீயில், சாறு ஏறக்குறைய முழுவதும் உள்ளே இழுபடும்வரை கிளறிக்கொண்டிருக்க வேண்டும். பத்து நிமிடங்களுக்குள் திராட்சை உப்பிப் பளபளப்பாகிவிடும். மூடி வைத்து, ஆறியபின் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் கேக் செய்துவிடலாம்.

நவம்பர் 10, இரவு 8.55

"அப்படியானால் ஊறவைக்காமல் நேராகவே போட்டால் என்ன?" என்று மற்றொருவர் கேட்டிருக்கிறார். உலர்திராட்சையில் ஈரம் ஏறக்குறைய 15 விழுக்காடுதான். அது கேக்குக்குள் போனதும் சுற்றியுள்ள மாவிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். திராட்சை மெத்தென்று இருக்கும், கேக் உதிர்ந்து போகும். ஊறவைப்பது பழத்துக்காகச் செய்யும் உபசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கேக்கைக் காப்பாற்றுவதற்காகச் செய்வது.

நவம்பர் 11, காலை 6.30

கேள்வியின் இரண்டாம் பகுதியை நேற்று விட்டுவிட்டேன். பழங்கள் அடியில் தங்குவதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, பழத்தின்மேல் மைதாவைத் தூவிப் புரட்டுவது. பழத்தின்மேல் ஒட்டியிருக்கும் ஈரத்தை அந்த மைதா உறிஞ்சிக்கொள்கிறது என்ற அளவில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் மாவே நீர்த்துப் போயிருந்தால் எவ்வளவு மைதா தூவினாலும் பழம் மூழ்கத்தான் செய்யும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மாவு தானாக வழியக் கூடாது. ஒரு தட்டுத் தட்டினால்தான் கட்டியாக விழ வேண்டும். உங்கள் பழங்களோடு வடிகட்டாத சாறும் மாவுக்குள் போயிருக்கும் என்பது என் ஊகம். பழத்தைப் பொடியாக நறுக்குவதும் உதவும். முழுப் பேரீச்சையைத் தாங்குகிற மாவை நான் பார்த்ததில்லை.

நடுப்பகுதி அமுங்கியதற்குச் சாறு மட்டும் காரணமாக இருக்காது. பழக்கேக்கைச் சாதாரண ஸ்பாஞ்ச் கேக்கைப் போல 180 டிகிரியில் வைத்தால் மேற்புறம் சிவந்துவிடும், நடுவில் பச்சை மாவு நிற்கும். வெந்துவிட்டது என்று நம்பி வெளியே எடுப்போம். கண்ணெதிரே அது இறங்கும். 150 டிகிரியில் வைத்துப் பொறுமையாக இருப்பதுதான் வழி.

நவம்பர் 13, இரவு 10.05

ரம் தேவையா, தேவையில்லையா என்ற வழக்கு நீண்டுகொண்டே போகிறது. என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். பழக்கேக்கின் மணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து வருவது. அந்தத் தோலைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம். கேக்கை வெட்டியதும் தெரியும் சிவப்பு, பச்சை, மஞ்சள் சதுரங்கள் பப்பாளிக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காயை வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு நிறமும் எசென்ஸும் ஏற்றியது. அதன்மேல் எனக்குப் பகை கிடையாது. குழந்தைகளுக்கான ரொட்டியில் அது அழகாகவே இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுவிட்டு மணம் வரவில்லை என்று ரம் புட்டியைத் தேடுவது நியாயமில்லை. ஒரு டிசம்பரில் "ஆரஞ்சு பீல்" என்று எழுதிய பொட்டலத்தைக் கடையில் வாங்கி வந்து வீட்டில் மென்று பார்த்தேன். அதுவும் ஆரஞ்சு நிறம் ஏற்றிய பப்பாளிதான். பின்புறம் பொடி எழுத்தில் உண்மையை அச்சிட்டும் இருந்தார்கள்.

மணம் தோலின் மேற்புறத்தில், நிறமுள்ள மெல்லிய படலத்தில் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. ஆரஞ்சை உரிக்கும்போது கண்ணில் தெறிக்குமே, அதுதான் அந்த எண்ணெய். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே துருவிய தோலைச் சாற்றோடு கலக்காமல், முதலிலேயே சர்க்கரையோடு சேர்த்து விரல்நுனியால் கசக்க வேண்டும். சர்க்கரை ஈரமணலைப் போல ஆகி, இலேசாக மஞ்சள் பூத்து, அறை முழுவதும் மணக்கும். அந்தச் சர்க்கரையை வெண்ணெயோடு சேர்த்துக் குழைத்தால் மணம் வெண்ணெயில் பிடித்துக்கொள்ளும். பழத்தைக் கழுவாமல் துருவாதீர்கள். சந்தைக்கு வரும் ஆரஞ்சுகளில் பலவற்றின்மேல் மெழுகு பூசப்பட்டிருக்கும். வெந்நீரில் நனைத்துத் துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும்.

நவம்பர் 13, இரவு 10.20

துருவும்போது வெள்ளைப் பகுதி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: கசக்கும். தோலைப் பாகில் ஊறவைத்து மிட்டாயாக்கிக் கேக்கில் போடுவதென்றால் மட்டும் வெள்ளையோடு சேர்த்தே வெட்ட வேண்டும்.

நவம்பர் 16, காலை 11.15

வெள்ளைப் பகுதி கசக்கும் என்று சொன்னவரே தோல் மிட்டாய்க்கு வெள்ளையோடு சேர்த்துத்தான் வெட்ட வேண்டும் என்கிறாரே என்று ஒருவர் தனிச்செய்தியில் மடக்கியிருக்கிறார். மடக்கியது சரிதான், விளக்கம் இதோ. துருவல் அப்படியே கேக்குக்குள் போகிறது. மிட்டாய்த் தோலுக்கு உரியதோ வேறு பக்குவம். அந்த வெள்ளைப் பஞ்சுதான் பாகை உறிஞ்சிக்கொண்டு, வெந்த கேக்கில் மெத்தென்று கடிபட வேண்டிய பகுதி. கசப்பை மட்டும் முதலில் வெளியேற்ற வேண்டும்.

தோலை விரல் அகலத்துக்கு நறுக்கிக் குளிர்ந்த நீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் புது நீரில் தொடங்க வேண்டும். சாத்துக்குடிக்கும் எலுமிச்சைக்கும் மூன்று முறை இப்படிச் செய்வேன். கமலா ஆரஞ்சுக்கு இரண்டு முறை போதும். கடைசி முறையில் தோல் நகம் பட்டாலே நசுங்கும் அளவுக்கு மென்மையாக வேக வேண்டும். பாகில் விழுந்தபின் தோல் மேற்கொண்டு மென்மையாகாது. இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டவர்களின் கேக்கில்தான் தோல் ரப்பராகக் கிடக்கிறது.

பிறகு வெந்த தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை, தோல் மூழ்குமளவு நீர். முதல் நாள் பாகு நீர்த்தே இருக்கட்டும். பத்து நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து அப்படியே மூடி வைத்துவிட வேண்டும். மறுநாள் மறுபடி கொதிக்கவிட்டுப் பாகைச் சற்று இறுக்க வேண்டும். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். எடுத்த எடுப்பிலேயே கெட்டிப் பாகில் போட்டால், சர்க்கரை உள்ளே புகுவதற்கு முன்பே தோலில் உள்ள நீர் வெளியே வந்துவிடும். தோல் சுருங்கி விறைத்துப் போகும். நாளுக்கு நாள் பாகு இறுக இறுக, தோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊடுருவித் தெரியும்படி கண்ணாடித் தன்மைக்கு வரும். அப்போது எடுத்துக் கம்பித் தட்டில் பரப்பி, ஒட்டாத பதத்துக்கு உலரவிட்டால் போதும். ஈரமில்லாத ஜாடியில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

கமலா ஆரஞ்சின் தோல் மெல்லியது. அதில் மணம் உண்டு, சதை இல்லை. மிட்டாய்த் தோலுக்கு நான் நம்புவது சாத்துக்குடி, பம்ப்ளிமாஸ், நார்த்தங்காய்.

நவம்பர் 17, மாலை 5.48

"நார்த்தங்காய்தானே, எங்கள் வீட்டில் உப்பில் ஊறியே இருக்கிறது, அதையே போடலாமா?" என்று கேட்டவருக்கு: தயிர்சாதத்துக்கு வஞ்சகம் செய்யாதீர்கள்.

ஆனால் இந்தக் கேலிக்குள் ஒரு செய்தி இருக்கிறது. ஐரோப்பியப் பழக்கேக்குகளில் சேரும் மிட்டாய்த் தோல்களில் உயர்வாக மதிக்கப்படுவது சிட்ரன் என்ற தடித்தோல் பழத்தினுடையது. நம் நார்த்தங்காய்க்கு நெருங்கிய உறவு. அதைப் பாகில் இடுவதற்கு முன் உப்புநீரில் ஊறவைக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. உப்பு தோலின் கசப்பை இழுத்து, பாகு புகுவதற்கு வழிசெய்கிறது. பிறகு நல்ல நீரில் அலசி வேகவைத்து உப்பைப் போக்கிவிடுவார்கள். எனவே ஊறுகாய் ஜாடியில் கை வைக்காமல், புதிய நார்த்தங்காய்த் தோலை ஓர் இரவு உப்புநீரில் போட்டுவைத்துப் பாருங்கள்.

நவம்பர் 24, பகல் 3.10

அளவு கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். 18 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகரத்துக்கு நான் பயன்படுத்துவது: வெண்ணெய் 180 கிராம், சர்க்கரை 160 கிராம், அதில் பாதி நாட்டுச் சர்க்கரையாக இருந்தால் நல்லது, முட்டை 3, மைதா 220 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டி, சாற்றில் வெந்த உலர்பழம், உலர்ந்த நிலையில் எடை 350 கிராம், மிட்டாய்த் தோல் 100 கிராம், இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சையின் தோல் துருவல், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி.

பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் இதில் கொட்டாதீர்கள். சர்க்கரையைக் கருகவிட்டு ஊற்றும் கேரமலும் வேண்டாம். கருநிறப் பிளம் கேக்குக்கு அவை அழகுதான். இங்கே அவை ஆரஞ்சை அமுக்கிவிடும். சுக்கு மட்டும் ஆரஞ்சோடு சண்டை போடாது.

தகரத்தின் உட்புறம் இரண்டடுக்குப் பட்டர் பேப்பர், வெளிப்புறம் பழுப்புத்தாளை மடித்துச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மணி நேர வேக்காட்டில் ஓரம் காய்ந்துவிடும். 150 டிகிரியில் ஒன்றேமுக்கால் மணி முதல் இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கதவைத் திறக்கக் கூடாது. சிறிய ஓடிஜி அடுப்புகளில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும். நிறம் பிடித்ததும் ஒரு தாளை மேலே மூடிவிடுங்கள். அடுப்பின் திருகில் 150 என்று எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கியபின்தான் என் அடுப்பு எவ்வளவு பொய் சொல்லிவந்தது என்று தெரிந்தது.

நவம்பர் 26, காலை 7.05

முதல் குறிப்பில் உள்ள 150 மில்லி சாறு, கிஸ்மிஸும் கறுப்புத் திராட்சையும் மிகுதியாக உள்ள கலவைக்குப் பொருந்தும். பாதிக்குப் பாதி பேரீச்சையும் அத்தியும் சேர்ப்பவர்கள் அதை 100 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மென்மையான பேரீச்சை சாற்றை உறிஞ்சுவதைவிடக் கரைந்து கூழாவதில்தான் ஆர்வம் காட்டுகிறது.

இன்னொன்று: சாற்றில் புளிப்பு இருக்கிறதே, ஆப்பசோடா சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு, கால் தேக்கரண்டிக்கும் குறைவாகச் சேர்த்தால் புளிப்பைச் சமன்செய்து கேக்கையும் சற்றுத் தூக்கிக்கொடுக்கும். கூடினால் சோப்பு வாடை வரும். ஆரஞ்சின் தெளிவான புளிப்பும் போய்விடும். நான் சேர்ப்பதில்லை.

டிசம்பர் 1, இரவு 9.30

"மரபு என்று ஒன்று இருக்கிறது, ரம் இல்லாவிட்டால் அது கிறிஸ்துமஸ் கேக்கே அல்ல" என்று ஒருவர் சற்றுக் காரமாகவே எழுதியிருக்கிறார். எந்த மரபு என்று கேட்கத் தோன்றுகிறது. தலச்சேரியில் 1883-இல் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளி இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொடுத்து, அதைப் போலச் செய்துதரக் கேட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னாராம் பிரவுன். பாபுவோ முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தாராம். நம் பக்கத்துக் கிறிஸ்துமஸ் கேக்கின் தொடக்கக் கதையே கைக்கு எட்டியதைக் கொண்டு மாற்றிச் செய்த கதைதான்.

ஸ்காட்லாந்தின் டண்டீ கேக்கைப் பாருங்கள். ஆரஞ்சு மர்மலேடு செய்து பெயர்பெற்ற ஊர் அது. மர்மலேடுக்கு வந்த ஆரஞ்சின் தோல் கேக்குக்குள்ளும் போயிற்று. திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் உள்ளே, தோல் நீக்கிய பாதாம் மேலே வட்டவட்டமாக. மாதக்கணக்கில் ஊறிய பழம் அதற்குத் தேவையில்லை. கொஞ்சம் மது சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு; கேக்கின் அடையாளம் ஆரஞ்சும் பாதாமும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அவர்களுடைய ரிச் கேக்கில் மைதாவின் இடத்தை ரவை எடுத்துக்கொள்கிறது. முந்திரிப்பருப்பு, பாகிலிட்ட நீற்றுப் பூசணி, இஞ்சிப் பாகு, தேன், பன்னீர் என்று கேக் கனத்துப் போகிறது. சிறு துண்டுகளாக வெட்டித் தாளில் சுற்றிக் கொடுப்பார்களாம். பிராந்தி வழக்கமாகச் சேரும் என்றும், தம் அம்மா அதற்குப் பதிலாக ஆரஞ்சுச் சாறும் தேனும் சேர்ப்பார் என்றும் எழுதியிருக்கிறார். ரவைக் கேக்கில் வறுத்த ரவையை வெண்ணெயோடு கலந்து சில மணி நேரம் ஊறவிட வேண்டும் என்ற அவருடைய குறிப்பை, செய்து பார்க்க நினைப்பவர்கள் தவறவிட வேண்டாம்.

டிசம்பர் 8, மாலை 4.25

இன்று இந்தக் கேக்கைச் செய்தேன். வெண்ணெய்தான் படுத்தியது. இங்கே டிசம்பரிலும் பகலில் சமையலறை 30 டிகிரியை நெருங்குகிறது. வெண்ணெயும் சர்க்கரையும் குழையும்போது வெண்ணெய் 20 டிகிரிக்கு அருகில், அழுத்தினால் விரல் பதியும், ஆனால் பளபளக்காத பதத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் மினுக்கம் வந்துவிட்டால் அது காற்றைப் பிடித்துவைக்காது, கேக் எழும்பாது. பாத்திரத்தை இடையிடையே குளிர்ந்த நீர்த் தட்டில் வைத்து அடித்தேன். குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்த முட்டையைச் சேர்த்தால் மறுகோடிக்குப் போய்த் திரிந்துவிடும். முட்டையை முன்பே வெளியே எடுத்துவைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, திரிவதுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி மைதாவைப் போட்டால் கூடிவரும்.

அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம் கழித்து முதலில் வந்தது வெண்ணெய் மணம். ஆரஞ்சு அதற்குப் பின்னால்தான் வந்தது. வெளியே எடுத்த சூட்டோடு, தோல் வெந்த பாகில் இரண்டு கரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து மேலே தடவினேன். இன்றே வெட்டச் சொல்லி வீட்டில் ஒரே கூச்சல். சூடான பழக்கேக்கை வெட்டினால் உதிரும். ஒரு நாள் மூடிவைத்தால்தான் பழத்தின் ஈரம் கேக்குக்குள் பரவி, கத்தி பிசிறில்லாமல் இறங்கும்.

டிசம்பர் 9, இரவு 7.40

வெட்டினோம். பழம் மூழ்கவில்லை.

டிசம்பர் 15, காலை 10.00

குக்கரில் செய்யலாமா என்ற கேள்விக்கு: கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே வளையம் வைத்துச் செய்யலாம். ஆனால் 18 செ.மீ. கேக் அதற்கு ஏற்றதல்ல. இரண்டு மணி நேரத்தில் அடி பிடித்துவிடும். மாவை இரண்டு சிறிய தகரங்களில் பிரித்து, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். மேற்புறம் வெளிறித்தான் இருக்கும். பாதாமை அடுக்கி மறைத்துக்கொள்ளலாம்.

முட்டையில்லாப் பழக்கேக்கைப் பற்றி இங்கே நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் பழக்கம் போதாது.

டிசம்பர் 27, பகல் 2.30

கேள்வியைத் தொடங்கியவர் கேக்கின் படத்தைப் போட்டிருக்கிறார். நடுப்பகுதி நிமிர்ந்து நிற்கிறது. நாத்தனார் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாராம், கருத்து மட்டும் சொல்லவில்லையாம்.

பண்டிகை முடிந்த நேரத்தில் ரம் தரப்புக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். உறவினர் வீட்டிலிருந்து வந்த, அக்டோபரிலிருந்து ரம்மில் ஊறிய பழங்களில் செய்த கேக்கையும் என் கேக்கையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம். செய்த வாரத்தில் ஆரஞ்சுக் கேக் முந்திக்கொண்டது. வாரங்கள் ஆக ஆக ரம் கேக் மெருகேறும். ஆரஞ்சுக் கேக்குக்கு அந்தத் திறமை கிடையாது. மேலே சாறு தடவிக்கொண்டே இருந்தாலும் அது பாதுகாப்பு ஆகாது, பூஞ்சைக்குத்தான் விருந்து. குளிர்பெட்டியில் இறுக மூடி வைத்து ஒரு வாரம், பத்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஈஸ்டருக்குச் சாப்பிடக் கிறிஸ்துமஸ் கேக்கை எடுத்துவைக்கும் குடும்பங்கள் ரம்மோடே இருக்கட்டும்.

மது வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுப்பில் ஆல்கஹால் எல்லாம் பறந்துவிடும் என்று கடைக்காரரோ உறவினரோ சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். பெரும்பகுதி போகும், ஒரு பங்கு தங்கும். வெந்தபின் மேலே தடவும் ரம் அப்படியே இருக்கும்.

ஜனவரி 4, 2025, காலை 8.15

தோல் வெந்த பாகு மிஞ்சியிருக்கிறது, என்ன செய்வது என்ற கேள்வி மூன்றாவது முறையாக வந்திருப்பதால்: வடிகட்டிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீரும் சேர்த்தால் சர்பத். அடுத்த கேக்குக்கான உலர்பழத்தை வேகவைக்கும்போது சாற்றில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகவும் ஊற்றலாம், அப்போது மாவில் சேர்க்கும் சர்க்கரையை 30 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். பம்ப்ளிமாஸ் தோல் வெந்த பாகில் மட்டும் கசப்பு தங்கியிருக்கும். ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.